பெண்கள் மட்டும் இறங்கும் தண்ணீர்

பாகோவா தன் மச்சானின் காதை அறுத்தபோது நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். தடுத்திருக்கலாம். தடுக்கத் தோன்றவில்லை.

மழை எங்களை ஏமாற்றிய மூன்றாவது வருஷம் அது. எங்கள் பனாபாத் தீவில் ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. தோண்டினால் பாறைதான். பெய்கிற மழையெல்லாம் பாறை இடுக்கு வழியாக இறங்கி, அடியில் இருக்கும் குகைகளில் போய்த் தேங்கும். அந்தக் குகைகளுக்குள் பெண்கள்தான் இறங்குவார்கள். ஆண் இறங்கினால் தண்ணீர் ஓடிவிடும் என்பது எங்கள் ஊர்ச் சொல். எங்கள் ஊர் புவாகோனிகாயில் நாற்பது வீட்டுக்கு மூன்று குகைகள். இரண்டு வற்றிவிட்டன. மிச்சம் இருந்தது பாகோவாவின் பெண்டாட்டி அனெரிக்குத் தாய்வழியில் வந்த குகை.

அனெரியின் அம்மா சாகும்போது குகையை மகளுக்கும், அதற்கு மேலே இருந்த நிலத்தையும் வாதுமை மரங்களையும் மகனுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தாள். மகன் இயோதேபா. அக்காவைவிட ஏழு வயது இளையவன். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்து, உரமண் தோண்டும் வெள்ளைக்காரக் கம்பெனியில் கங்காணியாக இருந்தான். மண் தோண்ட கில்பர்ட் தீவுகளிலிருந்து கூலிக்கு வந்தவர்களுக்கு, டக்கட் துரை சொல்வதை அவன்தான் சொல்லிக் கொடுப்பான். டக்கட் என்பவன் மேற்பார்வைக்காரன். சிவந்த கழுத்துக்காரன். மூன்று வருஷம் இருந்தும் எங்கள் பாஷையில் 'சீக்கிரம்' என்பதைத் தவிர ஒரு சொல் கற்றுக்கொள்ளவில்லை.

அன்று காலை பாகோவா மரத்தில் இருந்தான். பாளை சீவுகிறவர்கள் மேலே இருக்கும்போது பாடுவது வழக்கம். கீழே போகிற பெண்கள் தலையை நிமிர்த்தாமல் ஒதுங்கிப் போகட்டும் என்பதற்காக. அவன் பாட்டு பாதியில் நின்றது. நான் கம்பெனிக்கு மண் வேகன் தள்ளப் போய்க்கொண்டிருந்தவன், அண்ணாந்து பார்த்தேன். அவன் குகை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகள் வரிசையாக நட்டிருந்தன. கடைசிக் குச்சியை இயோதேபா கல்லால் தட்டி இறக்கிக்கொண்டிருந்தான்.

பாகோவா பாளை அரிவாளை இடுப்பில் செருகாமல் பல்லில் கடித்தபடி இறங்கினான்.

"என்ன மச்சான் நடவு?"

"அளவு அத்தான்."

"எதுக்கு அளவு?"

"மண் எடுக்கத்தான். போன மாசமே கையெழுத்துப் போட்டாச்சு. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."

"குச்சி குகை வாசல்ல இருக்கே."

"குகையில நான் கை வைக்கலை. அது அக்காவோடது. மேல இருக்கிறது என் மண்ணு."

"மேல இருக்கிறதை வழிச்சு எடுத்துட்டா கீழ இருக்கிறது எதை நம்பி நிக்கும்? உங்கப்பன் எந்திரிச்சு வந்து முட்டுக் குடுப்பானா?"

"அப்பனை இழுக்காதீங்க அத்தான். நான் போடலைன்னா அவங்களே சட்டம் போட்டு எடுத்துக்குவாங்க. முப்பது வருஷத்துக்கு முன்னாலயே பெரியவங்க கைநாட்டு வச்சுக் குடுத்ததுதான். தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வருஷத்துக்கு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"சுத்தி நாப்பது வீடு இருக்கு. ஒரு வீட்டுல கேட்டியா?"

"கேட்டா நீங்க சரின்னு சொல்லிடுவீங்களாக்கும்."

"உனக்குக் காது எதுக்குடா இருக்கு? துரை பேசறதைக் கேக்கறதுக்கு மட்டுமா?"

இயோதேபா சிரித்தான். பயந்துதான் சிரித்தான் என்று எனக்குத் தெரிந்தது. பாகோவாவுக்கு அது வேறு மாதிரிப் பட்டிருக்க வேண்டும். இடது கையால் மச்சானின் தலைமுடியைப் பிடித்துச் சாய்த்தான். பாளை அரிவாள் மெல்லியது. தினமும் மூன்று முறை தீட்டுவது. ஒரே இழுப்பு. காதின் மேல்பாதி குச்சிகளுக்கு நடுவே போய் விழுந்தது.

அந்த நேரத்தில்தான் அனெரி குகை வாசலில் தலையை நீட்டினாள். முழங்காலெல்லாம் சேறு, கழுத்தில் கயிறு கட்டிய நான்கு தேங்காய்க் குடுக்கைகள். தம்பி அலறுவதையும் புருஷன் கையிலிருந்த அரிவாளையும் பார்த்தாள். ஊர்ந்து வெளியே வந்தாள். ஒரு குடுக்கையைக் கயிற்றோடு சுழற்றிப் புருஷனின் வாயில் அடித்தாள். பல் உடைந்தது. குடுக்கையும் உடைந்து தண்ணீர் புழுதியில் கொட்டியது. நாங்கள் நாலைந்து பேர் நின்றிருந்தோம். எல்லோருடைய கண்ணும் ரத்தத்தை விட்டுவிட்டு அந்தத் தண்ணீருக்குப் போனது. அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"அவன் என் தம்பி. அடிக்கணும்னா நான் அடிப்பேன்" என்றாள். பிறகு இடுப்புத் துணியைக் கிழித்து அவன் தலையைச் சுற்றிக் கட்டினாள். கட்டிக்கொண்டே, "கையெழுத்துப் போட்டியா?" என்று கேட்டாள்.

"போட்டேன்க்கா."

அவள் முடிச்சை இறுக்கினாள். அவன் வலியில் துடிக்கும் வரை இறுக்கினாள்.

பாகோவாவைப் பிடிக்க நான்கு போலீஸ்காரர்கள் வந்தார்கள். எல்லிஸ் தீவுக்காரர்கள், ஒவ்வொருவனும் ஒரு வள்ளத்தைத் தனியாகத் தூக்கக்கூடியவன். அவன் சும்மா போயிருந்தால் சும்மா கூட்டிப்போயிருப்பார்கள். ஒருவனுடைய கையைக் கடித்துவிட்டான். அதனால் தடியால் விலாவில் போட்டார்கள். எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த கீற்று ஒடிகிற மாதிரித்தான் இருந்தது. கடற்கரையில் இருந்த சிறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்று மாசம், கல் சுமக்கும் வேலையோடு.

*

ஆண் இல்லாத வீடு வறட்சியில் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. அனெரிக்கு எட்டு வயதில் ஒரு பெண், ஒன்றரை வயதில் ஒரு ஆண் குழந்தை. பாகோவாவின் மரங்களில் இரண்டை நான் சீவிக்கொடுத்தேன். பாளைகள் சுருங்கிப்போயிருந்தன, காலையில் கட்டின குடுக்கையில் மாலையில் ஒரு மடக்குப் பதநீர் இருக்கும், அதையும் ஈ மொய்த்திருக்கும். கடலுக்குப் போனவர்கள் பறவைக்கோலா மீன் கொடுத்தார்கள். ஆனால் தாகத்தில் மீனை விழுங்குவது சிரமம். தாழம்பழத்தைச் சப்பிச் சப்பிப் பிள்ளைகளின் உதடு புண்ணாகியிருந்தது. கம்பெனி கில்பர்ட் கூலிகளுக்குக் கப்பலில் கொண்டுவந்த தண்ணீர் கொடுத்தது. எங்களுக்கு இல்லை.

குகையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கி, பிறகு கணுக்காலுக்கு இறங்கியது. பெண்கள் வாசலில் காலை முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி இரண்டு முறை இறங்கிவிட்டாள் என்று இன்னொருத்தி அவள் விரலைக் கடித்துத் துண்டாக்கினாள். மறுநாள் விரல் போனவளின் தங்கை கடித்தவளின் மண்டையைக் கல்லால் பிளந்தாள். மூன்று பேரும் ஒரே தோத்திரப் பாட்டை அடுத்தடுத்து நின்று பாடியவர்கள். அதன் பிறகு அனெரி வாசலில் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு ஒரு குடுக்கை. தன் வீட்டுக்கும் ஒன்றுதான். மடியில் ஒரு கல் வைத்திருந்தாள்.

ஒரு நாள் உச்சிவெயிலில் இயோதேபா வந்தான். தலைக்கட்டு அழுக்காக இருந்தது. கையில் ஒரு தகரம் நிறையக் கப்பல் தண்ணீர். அனெரியின் குடிசைக்கு வெளியே, வெயிலிலேயே நின்றான். நான் அப்போது பதநீர் கொடுக்க வந்திருந்தேன்.

"குழந்தைக்கு" என்றான்.

அவள் வாங்கிக்கொண்டாள். ஊற்றிவிடுவாள் என்று நினைத்தேன். ஊற்றவில்லை. பையனை மடியில் போட்டுச் சிறிது சிறிதாகப் புகட்டினாள். பிறகு பெண்ணுக்குக் கொடுத்தாள். தான் குடிக்கவில்லை.

"அக்கா, ஏதாவது பேசு."

"காது புண்ணு ஆறிடுச்சா?"

"சீழ் வைக்குது."

"உப்புத் தண்ணியில கழுவு."

"அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. நான் போடலைன்னாலும் எடுத்துருவாங்க. அப்ப அவங்க குடுக்கறதை வாங்கிக்கணும். இப்ப நான் கேட்டதைக் குடுக்கறாங்க. குகையைச் சுத்தி முப்பதடி விட்டுடறேன்னு துரை சொல்லியிருக்கான்."

"சொல்லியிருக்கானா, எழுதியிருக்கானா?"

அவன் தலைக்கட்டைச் சரிசெய்துகொண்டான்.

"அவனா எடுத்திருந்தா அவன் திருடன். நான் நாலு பேர்கிட்டச் சொல்லி அழுதிருப்பேன்" என்றாள். "இப்ப நீ குடுத்துட்டே. நான் யார்கிட்டப் போய் அழட்டும்?"

"எனக்கு மட்டும் ஆசையாக்கா? என் பொண்டாட்டியே என்கூடப் பேச மாட்டேங்கறா."

"தெரேத்தியாவுக்கு மூளை இருக்கு."

அவன் தகரத்தை எடுக்காமலே திரும்பிப் போனான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். அவள் தண்ணீரை வாங்கினாள். அந்த வாரம் முழுக்க அவனோடு வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

*

மரம் வெட்ட வந்த நாள் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் வாதுமை மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். முப்பது, முப்பத்தைந்து பேர். வேண்டுமென்றே ஆண்களை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் வந்தால் சுடுவார்கள், பெண்களைச் சுட யோசிப்பார்கள் என்று கணக்கு. நான் கம்பெனி ஆள் என்பதால் வேகன் பாதையில் நின்றேன். அந்த நிற்பை நினைத்தால் இன்றும் கூசும்.

டக்கட் கோடரிக்காரர்களைப் பார்த்துக் கை காட்டினான். முன்னால் நின்ற கில்பர்ட்டுக்காரன் கோடரியைக் கீழே போட்டான்.

"துரைகிட்டச் சொல்லுங்க கங்காணி" என்றான். "எங்க ஊர்லயும் அம்மா இருக்கா. என்னால முடியாது."

இயோதேபா சொன்னான். டக்கட் ஒரு மண்வெட்டிக் காம்பை எடுத்து அந்த ஆளின் முழங்காலில் அடித்தான். அவன் விழுந்த பிறகும் அடித்தான். மற்றவர்கள் கோடரியை எடுத்துக்கொண்டார்கள். போலீஸ்காரர்கள் பெண்களை முடியைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்துப்போட்டால் எழுந்து வந்து மறுபடி மரத்தைப் பிடித்தார்கள். பிடித்த கைகளைத் தடியால் அடித்தார்கள். அனெரியின் வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கின. அவள் இடது கையால் பிடித்துக்கொண்டாள். அடுத்த மரத்தில் தெரேத்தியா. ஆறு மாதக் குழந்தைக்காரி; அடி விழுந்த மாரிலிருந்து பாலும் ரத்தமும் சேர்ந்து வடிந்தது. இயோதேபா அதைப் பார்த்துக்கொண்டே துரை சொல்வதை மொழிபெயர்த்தான். "விலகுங்க. சட்டப்படி இது கம்பெனி நிலம். விலகுங்க." கடைசியில் குரல் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

மத்தியானத்துக்குள் பதினொரு மரம் விழுந்தது. நாளைக்கு வேட்டு வைக்கப்போவதாக டக்கட் சொன்னான்.

மறுநாள் வெயில் ஏறியதும் பத்துப் பெண்கள் குகைக்குள் இறங்கினார்கள். அனெரி முதலில், தெரேத்தியா கடைசியில். பிள்ளைகளைத் தெரேத்தியாவின் அம்மாவிடம் விட்டிருந்தார்கள். அடியில் இருந்தால் மேலே வெடிக்க மாட்டார்கள் என்று நம்பினார்கள். போலீஸ்காரர்களும் உள்ளே இறங்கப் பயந்தார்கள். அவர்கள் தீவிலும் இப்படி விலக்குகள் உண்டு.

வேட்டுக்குழி குகை வாசலுக்குப் பன்னிரண்டடியில் இருந்தது. முப்பதடி இல்லை.

"உள்ள ஆள் இருக்கு" என்று இயோதேபா சொன்னான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும்.

"விசில் அடிப்போம். வெளியே வருவார்கள்" என்றான் டக்கட்.

"வர மாட்டாங்க சார். என் அக்கா உள்ள இருக்கா. என் பொண்டாட்டி இருக்கா."

"திரியைப் பார்த்தால் வருவார்கள். பயம் எல்லோருக்கும் ஒரே பாஷைதான்."

மூன்று விசில் அடித்தார்கள். யாரும் வரவில்லை. டக்கட் தானே குனிந்து திரியைப் பற்றவைத்தான். மிரட்டத்தான் நினைத்திருப்பான், கடைசியில் வெட்டிவிடலாம் என்று இருந்திருப்பான் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. திரி எரியத் தொடங்கியதும் அவன் பின்வாங்கி நடந்ததைத்தான் நான் பார்த்தேன்.

இயோதேபா திரியை மிதித்தான். அது சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புக்குள் இறங்கி எரிந்துகொண்டிருந்தது, காலுக்கு எட்டவில்லை. விரலை விட்டான், சுட்டுக்கொண்டு இழுத்தான். பிறகு குகை வாசலுக்கு ஓடினான். "அக்கா" என்று கத்தினான். ஒரு நொடி நின்றான். அந்த ஒரு நொடி எனக்குப் புரிந்தது. பிறந்ததிலிருந்து அவனுக்கு அந்த வாசலைத் தாண்டக்கூடாது என்றுதான் சொல்லி வளர்த்திருந்தார்கள். பிறகு மண்டியிட்டு உள்ளே நுழைந்தான்.

*

உள்ளே நடந்தது பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒவ்வொருத்தியும் ஒரு மாதிரி சொன்னாள். ஒத்துப்போனதை மட்டும் சொல்கிறேன்.

அந்தக் குகையில் முதல் நாற்பது அடி ஊர்ந்துதான் போக வேண்டும். அதற்கப்புறம் உட்கார இடம் இருக்கும். கீற்றுப் பந்தம் அணைந்துவிட்டது. விசில் சத்தம் பாறை வழியாக எங்கிருந்தோ கேட்டது. யாரோ ஒருத்தி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது வழியில் மூச்சிரைப்பு கேட்டது. கனமான உடம்பு பாறையில் தேயும் சத்தம்.

"ஆம்பளை" என்று ஒருத்தி சொன்னாள். "ஆம்பளை உள்ள வந்துட்டான்."

போலீஸ்காரன் என்று நினைத்தார்கள். முந்தைய நாள் அடி வாங்கிய பெண்கள். கையில் கிடைத்த கல்லை எறிந்தார்கள். இருட்டில் சில கல் பாறையில் பட்டது, சில கல் சதையில் பட்டது. அந்த உடம்பு நிற்காமல் முன்னால் வந்தது. குரல் கேட்டது. அதற்குள் மேலே பூமி பிளந்தது.

வேட்டு வெடித்ததில் கூரை முழுவதும் விழவில்லை. புழுதியும் சின்னக் கற்களும் கொட்டின. காது அடைத்துப்போனது. அந்த அடைத்த காதுக்கும் ஒரு சத்தம் கேட்டதாக எல்லோரும் சொன்னார்கள். அடியில் எங்கோ புதிதாக ஒரு பிளவு விட்டு, கணுக்காலளவு கிடந்த தண்ணீர் மடக் மடக்கென்று இறங்கிப்போன சத்தம். யாரோ பெரிய ஆள் தொண்டை நனைய அள்ளிக் குடிப்பதுபோல.

பத்துப் பேரும் வெளியே வந்தார்கள். கடைசியில் தெரேத்தியா வந்தாள், பின்னோக்கி ஊர்ந்து, புருஷனைக் கக்கத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு. அவன் நெற்றியில் கைமுட்டி அளவு குழி இருந்தது. தலைக்கட்டு அவிழ்ந்துவிட்டிருந்தது.

அனெரி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயில் அடைத்திருந்த மண்ணை நசுங்கிய விரல்களால் தோண்டி எடுத்தாள். எடுத்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் பிடித்து இழுக்கும் வரை நிறுத்தவில்லை.

*

விசாரணைக்குக் கப்பலில் ஒரு நீதிபதி வருவதாகச் சொன்னார்கள். வர மூன்று வாரம் ஆனது. அதுவரை தோண்டுவதை நிறுத்தி வைத்தார்கள். வறட்சிக்காக எங்கள் ஊருக்கும் கப்பல் தண்ணீர் விட்டார்கள். டக்கட் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

ஊர்ப் பெரியவர் தெகாய் அனெரியின் வீட்டுக்கு வந்தார். கோபக்காரர், ஆனால் அன்று குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"ஒரு வார்த்தைதாம்மா. வேட்டு வச்சாங்க, கல்லு விழுந்துச்சு, செத்துட்டான். அம்புட்டுத்தான். பொய்கூட இல்ல. வேட்டு வைக்காட்டி அவன் எதுக்கு உள்ள போறான்?"

அனெரி பையனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டக்கட்டைக் கப்பல்ல ஏத்திடுவாங்க. தோண்டறது நிக்கும். நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு துண்டு நிலமாவது மிஞ்சும். கங்காணியா இருந்தவன் செத்தும் ஊருக்கு உதவட்டும்."

"அவன் எதுக்கு உள்ள வந்தான்னு ஊர்ல என்ன பேசிக்கிறாங்க மாமா?"

தெகாய் தாடியைத் தடவினார். "பேசறவன் வாயை மூட முடியுமா?"

"என்ன பேசிக்கிறாங்க?"

"துரை அனுப்பி உங்களை இழுத்துட்டு வரத்தான் வந்தான்னு. அதுதான் சாமி கல்லைப் போட்டுச்சுன்னு."

அவள் தலையை ஆட்டினாள். பெரியவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விசாரணை துறைமுகத்தில் ஒரு கிடங்கில் நடந்தது. உரமண் புழுதி எல்லோர் தலையிலும் படிந்தது. நீதிபதி வயதானவர், அடிக்கடி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மொழிபெயர்க்க மிஷன் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். சிறையிலிருந்து பாகோவாவையும் கொண்டுவந்து பின்னால் நிறுத்தியிருந்தார்கள். டக்கட், பெண்கள் உள்ளே இருப்பது தனக்கு உறுதியாகத் தெரியாது என்றான். நான் எழுந்து, அவனிடம் சொல்லப்பட்டது என்று சொன்னேன். அதை எழுதிக்கொண்டார்கள். அன்றோடு எனக்கு வேகன் வேலை போனது. ஒன்பது பெண்கள் வந்து கல் விழுந்தது என்றார்கள். அந்த ஒன்பதில் தெரேத்தியாவும் ஒருத்தி, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

கடைசியாக அனெரி.

"கல் எங்கிருந்து விழுந்தது?" என்று நீதிபதி கேட்டார்.

"விழலை. நான் அடிச்சேன்."

வாத்தியார் அவளைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லும்மா."

"சொல்லுங்க வாத்தியாரே. நான் சொன்னதை அப்படியே சொல்லுங்க."

அவர் சொன்னார். கிடங்கில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

"இருட்டில் யாரென்று தெரியாமல் அடித்தாய், இல்லையா?" நீதிபதி அவளுக்குக் கதவைத் திறந்துவிடத்தான் பார்த்தார். அது எங்களுக்கே தெரிந்தது.

"மத்தவங்க எறிஞ்சப்ப யாருன்னு தெரியாது. நான் எறியலை. கல்லு மடியில இருந்துச்சு. அவன் பக்கத்துல வந்து என் கணுக்காலைப் பிடிச்சான். 'அக்கா, நான்தான். திரி வச்சுட்டான். வெளிய வா'ன்னான். மூணு தடவை அக்கான்னான். சின்ன வயசுலருந்து தூக்கி வளர்த்தவ நான். குரல் தெரியாதா? தெரிஞ்சுதான் அடிச்சேன்."

"ஏன்?"

அவள் தன் நசுங்கிய விரல்களைப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போட்டான். மரத்தை வெட்டறப்பப் பார்த்துட்டு நின்னான். இப்ப தண்ணியிலயும் கால் வச்சுட்டான்னு தோணுச்சு. அவன் எங்களைக் காப்பாத்தத்தான் வந்திருக்கான்னு அடிச்ச பிறகுதான் மண்டையில ஏறுச்சு. அதை எழுதிக்குங்க. அவனை யாரும் அனுப்பலை. அவனாத்தான் வந்தான்."

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். பின்னாலிருந்து பாகோவா, "ஏண்டி" என்று ஒரே ஒரு சொல் சொன்னான். போலீஸ்காரன் அவன் வாயைப் பொத்தினான்.

அனெரிக்கு இரண்டு வருஷம், தூரத்துத் தீவு ஒன்றின் சிறையில். டக்கட்டைக் கவனக்குறைவு என்று கண்டித்து வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அடுத்த மாதமே புது மேற்பார்வைக்காரன் வந்தான். தோண்டத் தொடங்கினார்கள்.

*

அந்த இரண்டு வருஷமும் ஊர் அவளை மன்னிக்கவில்லை. ஒரு பொய் சொல்லியிருந்தால் நிலம் மிஞ்சியிருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். பாகோவா சிறையிலிருந்து வந்த அன்றே அவன் கூரையில் கல் விழுந்தது. எறிந்தது தெகாயின் மகன். பாகோவா அவனைக் கடற்கரைப் பாறைக்கு இழுத்துப்போய் முகத்தைத் தேய்த்தான். அவனுக்கு ஒரு கண் போனது. அதன் பிறகு யாரும் கல் எறியவில்லை, யாரும் பேசவும் இல்லை. மழை ஒரு வழியாக வந்து நாற்பது நாள் பெய்தது. குகையில் ஒரு சொட்டு நிற்கவில்லை.

அனெரியின் பிள்ளைகளைத் தெரேத்தியா எடுத்துக்கொண்டாள். ஒரு மாரில் தன் குழந்தை, இன்னொரு மாரில் நாத்தனார் குழந்தை. சில நாள் அந்தப் பையனைக் காரணமே இல்லாமல் அடிப்பாள். அடித்துவிட்டு அவன் தூங்கும் வரை முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாலையில் பாகோவா மீனை வாசலில் வைத்துவிட்டுப் போவான்.

கப்பல் வந்த அன்று பாகோவாவும் நானும்தான் துறைக்குப் போனோம். அனெரி மெலிந்திருந்தாள். வலது கை விரல்கள் கோணலாகக் கூடியிருந்தன. குகை இருந்த இடத்தில் மண்ணை முழுக்க வழித்து எடுத்திருந்தார்கள். அடியிலிருந்த பாறைகள் மட்டும் ஆள் உயரத்துக்குக் கூர்கூராக நின்றன. கண்ணுக்கு எட்டும் வரை அதுதான். அவள் நின்று, எந்தப் பாறைக்குப் பக்கத்தில் வாசல் இருந்தது என்று தேடினாள். எனக்கும் தெரியவில்லை.

தெரேத்தியாவின் வீட்டு வாசலில் பையன் விளையாடிக்கொண்டிருந்தான். அனெரியைப் பார்த்ததும் "அம்மா" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடித் தெரேத்தியாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தான். தெரேத்தியா அடுப்பிலிருந்து மீனை எடுத்து இலையில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்கவில்லை.

பாகோவா ஒரு அடி முன்னால் வந்தான். அனெரி அவனைத் தள்ளிவிட்டுப் போய்த் தெரேத்தியாவின் எதிரே நின்றாள்.

"நீ பின்னாலதானே இருந்தே" என்றாள். "அவன் அக்கான்னு கூப்பிட்டது உனக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மதினி."

"என்னைக் கொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"தினமும் தோணுது" என்றாள் தெரேத்தியா. "உக்காருங்க. மீன் ஆறுது."